வீட்டிலேயே விட்டு வந்த சத்தம்

"வண்டிய மட்டும் ஓட்டிக்கிட்டு வந்துடுறாங்க. சத்தத்த வீட்லயே வச்சிட்டு வந்துடுறாங்க."

என் சித்தப்பா வாயிலிருந்து இதைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் இருந்திருக்க முடியாது. காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் மண்ணெண்ணெயில் கை கழுவும்போது ஒரு தடவை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஒரு தடவை. "வண்டிய மட்டும்" என்பதில் குரல் ஏறும். "வீட்லயே" என்கிறபோது அந்தக் கடைசி எழுத்து நீண்டுகொண்டே போய் மூக்கில் முடியும். அந்த மூக்கு வந்தால்தான் அது சித்தப்பா. இப்போதும் நான் செய்துகாட்டினால் சித்தி சிரிப்பாள். சிரித்து முடித்ததும், அடுப்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவாள்.

புகாரில் நியாயம் இருந்தது. அவரிடம் வருகிற கார்களில் பாதி, எஞ்சினில் டிக் டிக் என்று ஏதோ கேட்கிறது என்றுதான் வரும். காலையில் வீட்டு வாசலில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்பும்போது நன்றாகக் கேட்கும். பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, இரும்பு விரிந்து, விரிசல் எங்கே இருந்ததோ அது அடைபட்டு, கார் பூனைக்குட்டி மாதிரி நிற்கும். சொந்தக்காரர் வாயால்தான் சத்தம் போட்டுக் காட்டவேண்டும்.

பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் முதலில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பிறகு, "டிக்... டிக்... டிக்..." வகுப்பில் பின் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி தெளிவாக. கோழிக்கடைக்காரர், "டொக்கு டொக்கு டொக்கு" என்று சொல்லும்போது வலது கை தானாகவே வெட்டும். வக்கீல் ஒருவர் வந்தார். அவர் வாயைத் திறக்க மறுத்துவிட்டார்.

"சீரான இடைவெளியில் ஒரு சப்தம் எழுகிறது."

"சார், இது கோர்ட் இல்ல. வண்டி எப்படிப் போடுதோ அப்படியே போட்டுக் காட்டுங்க."

"நான் எப்படிங்க போட முடியும்?"

"அப்ப வண்டியையே விட்டுட்டுப் போங்க. நாளைக்குக் காலைல அது என்கிட்ட நேரா பேசட்டும்."

எல்லோரும் வண்டியை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். அதனால் சித்தப்பா அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். விடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிடுவார், கையில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் மட்டும். வாயில் பிரஷ்ஷோடு வந்து கேட்டைத் திறக்கிற ஆளிடம், "நீங்க போய் பல்லு விளக்குங்க, சாவிய மட்டும் குடுங்க" என்பார். எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்வார். கண் மூடும். வாய் லேசாகத் திறக்கும். அந்த முகத்தை மட்டும் என்னால் இன்றுவரை சரியாகச் செய்ய முடிந்ததில்லை.

முனையை அங்கே வைப்பார், இங்கே வைப்பார், திடீரென்று ஓர் இடத்தில் நின்றுவிடுவார். "மேலேருந்து வந்தா டாப்பெட். பக்கவாட்டுலேருந்து வந்தா புகைக்குழாய் மூட்டு. அடிலேருந்து வந்தா வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லணும்." டாப்பெட் என்றால், வால்வுகளை அழுத்தித் திறக்கிற இரும்பு விரல்கள், நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு வைக்கவேண்டும். அது கூடிவிட்டால் இரும்பு இரும்பைத் தட்டும். மெல்லிய தகடு ஒன்றை உள்ளே நுழைத்து, அது வெண்ணெயில் போகிற கத்தி மாதிரியும் போகக்கூடாது, சிக்கவும் கூடாது என்று திருகித் திருகி வைப்பார். புகைக்குழாய் மூட்டாக இருந்தால் வேலை இன்னும் எளிது. புகை கசிந்த இடத்தில் கறுப்பாக ஒரு தடம் இருக்கும். "பாரு, திருடன் கால் தடம்" என்று காட்டிவிட்டு, மூட்டின் நடுவில் கசியாமல் இருக்க வைக்கிற கேஸ்கெட் தகட்டை மாற்றுவார்.

ரொட்டி வேன் ஓட்டுகிறவர் ஒருநாள் வந்து, போன வாரம் இருந்த சத்தம் தானாகவே போய்விட்டது, வேலை மிச்சம் என்று சந்தோஷமாகச் சொன்னார். சித்தப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"தானா போற சத்தம்னு ஒண்ணு கிடையாது. தட்டிக்கிட்டு இருந்தது இப்ப தட்ட முடியாம எங்கயோ சிக்கிக் கிடக்கு. இப்பதான் நீ பயப்படணும். வண்டிய உள்ள தள்ளு."

அந்த வேன் தப்பித்தது. அதைச் சொல்லிச் சொல்லியே வேன்காரர் இன்னும் பத்து வண்டிகளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

பட்டறைக்குப் பக்கத்தில் டயர் கடை. அதை நடத்தியவருக்குக் காத்து என்று பெயர் வைத்தது சித்தப்பாதான். காத்து அடிக்கிறதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர் என்று அதற்கு விளக்கமும் அவரே சொல்வார். இருவரும் ஒரே வயது. நாள் முழுக்க ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். கியர்பாக்ஸ் ஒன்றைத் தூக்கிய அன்று சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டபோது, தண்ணீரோடு முதலில் ஓடி வந்தது காத்துதான்.

இருதயத்தில் வால்வு என்கிற ஒரு கதவு சரியாக மூடவில்லை, மாற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. புதிதாகப் போடுகிற வால்வில் இரண்டு வகை உண்டு. ஒன்று சத்தமே போடாது, ஆனால் சில வருடங்களில் தேய்ந்துவிடும், மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். இன்னொன்று தேயாது, ஆனால் டிக் டிக் என்று கேட்கும், ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க தினம் மாத்திரை போடவேண்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். சித்தப்பா யோசிக்கவே இல்லை.

"தேயாததையே போட்டுருங்க. ஒரு தடவ கழட்டினத மறுபடி கழட்டினா நட்டு சரியா உக்காராது."

"சத்தம் கேக்கும். சில பேருக்கு அது தொந்தரவா இருக்கு."

"நான் பாக்காத சத்தமா டாக்டர்?"

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினார். நாங்கள் மாடி, அவர்கள் கீழ். நடுவில் ஒரு மரப் படிக்கட்டு. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. அந்தக் கீழ்வீட்டில் இரண்டே பேர். அவர் வந்த பிறகு மூன்றாவதாக ஒரு ஆள் குடிவந்த மாதிரி இருந்தது. டிவியை அணைத்தால் கேட்கும். சாப்பிடும்போது கேட்கும். வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும், நெஞ்சுக்குள் இருக்கிற சத்தம் அந்த வழியாக வெளியே வந்துவிடும். சித்திக்கு முதலில் தூக்கமே வரவில்லை. கொஞ்ச நாளில் அது கேட்டால்தான் தூக்கம் வந்தது. "ஓடிக்கிட்டு இருக்குல்ல, அது போதும்" என்று என் அம்மாவிடம் சொன்னாள்.

பட்டறையில் காத்துவுக்குக் கொண்டாட்டம். "மச்சான், வாய மூடு. மணி பாக்க வர்றாங்க." கார் கொண்டுவந்த ஒரு பெண், பேசிக்கொண்டிருக்கும்போது சித்தப்பாவின் மணிக்கட்டு வெறுமையாக இருப்பதைக் கவனிக்காமல், "உங்க வாட்ச் சத்தம் ரொம்பப் பெருசுங்க" என்றாள். சித்தப்பா, "சாவி குடுத்து வச்சிருக்கேம்மா" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், தையல்கார அக்காவின் கார் வரும்வரை.

அந்தக் கார் வெறும் ஆயில் மாற்றத்தான் வந்தது. வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்தவருக்கு மெல்லிசாக ஒரு தட்டல் கேட்டிருக்கிறது. அக்காவுக்கு போன் போட்டு, ஒரு சத்தம் இருக்கிறது, வண்டி இருக்கட்டும் என்றார். மேல்மூடியைக் கழற்றி டாப்பெட்டுகளை எல்லாம் சரிபார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மறுபடி வைத்தார். தட்டல் இருந்தது. புகைக்குழாயைக் கழற்றினார். திருடன் கால் தடம் ஒன்றும் இல்லை. புதுக் கேஸ்கெட் போட்டு மூட்டினார். தட்டல் இருந்தது. மறுநாளும் அதே வேலை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நான் போனபோது, எஞ்சின்மேல் குனிந்து, ஸ்க்ரூடிரைவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். டயர் கடையில் காத்தடிக்கிற மிஷின் பட்டறையே அதிர ஓடிக்கொண்டிருந்தது. காத்து பக்கத்தில் டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னுமா அது?"

"சத்தம் போகல."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்கு ட்யூபுல காத்து போற சத்தத்தத் தவிர எது கேக்கும்? வா, வச்சுப் பாரு."

காத்து வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். சித்தப்பா பிடுங்கித் தன் காதில் வைத்தார்.

"இதோ. சன்னமா. தகரத்துல நகம் படற மாதிரி. எப்படிடா உனக்குக் கேக்கல? சரி, ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடு, பாப்போம்."

காத்து கார் சன்னல் வழியாக உள்ளே கையை விட்டார். விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"மச்சான். வண்டி ஆஃப்லதான் இருக்கு. சாவி உன் சட்டைப் பைல இருக்கு."

சித்தப்பா பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எடுத்து, துணியில் துடைத்து, சுவரில் அதற்கென்று இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, காத்து உருட்டி வந்த டயர்மேல் உட்கார்ந்தார். அன்று காத்து அவரை வாரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தையல்கார அக்கா சாயங்காலம் வந்து, சத்தம் போய்விட்டதா என்று கேட்டாள். "உங்க வண்டில சத்தமே இல்லம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஸ்க்ரூடிரைவரை எலும்பில் அழுத்தும்போதெல்லாம் எஞ்சின் சத்தத்தோடு அவர் நெஞ்சின் சத்தமும் சேர்ந்து கேட்டது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு வழி யோசித்தார். நான் வேலைக்குப் போகும் வழியில் பட்டறையில் நிற்பேன். ஸ்க்ரூடிரைவரை நான் வைத்துக் கேட்டுவிட்டு, கேட்டதை அப்படியே வாயால் போட்டுக் காட்டவேண்டும். ஊரில் இருக்கிற எல்லோர் மாதிரியும் பேசிக்காட்டுகிற வாய்தானே, இதற்கும் உதவட்டுமே என்றார்.

"டிக்டிக்டிக்."

"கரண்டியால தட்டற மாதிரியா, நகத்தால தட்டற மாதிரியா?"

"நகம். ஆனா ஈர நகம்."

"ஈரமா? அப்ப சத்தத்துக்கு முன்னாடி ஒரு 'ஸ்' வருதா?"

"ஸ்டிக். ஸ்டிக்."

"கேஸ்கெட்டு. போய்க்கிட்டே இரு, ஆபீஸுக்கு நேரமாச்சு."

பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது. காத்துகூட, மச்சானுக்கு இப்போது வாடகைக் காது கிடைத்துவிட்டது என்றார். ஆனால் சித்தப்பா ஒருநாளும் அதில் சிரிக்கவில்லை. "அடுத்தவங்க வாயால சோறு திங்கற மாதிரி இருக்கு" என்று சித்தியிடம் சொன்னாராம்.

காது அப்படி ஆனது என்றால் கை இன்னொரு விதம். மெக்கானிக் கையில் கீறல் இல்லாத நாள் இருக்காது. அந்த மாத்திரை போடுவதால், கீறினால் ரத்தம் நிற்காது. கையுறை போட்டால் நட்டு எது, விரல் எது என்று தெரியவில்லை என்று கழற்றி எறிவார். ஒருநாள் பம்பர் தகடு கிழித்து, துணி சுற்றி, துணி நனைந்து, வாடிக்கையாளரின் வெள்ளைச் சீட்டு உறையில் சொட்டிவிட்டது. அந்த மனிதர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. அவருக்குத் தெரிந்தவர்களும் வரவில்லை. டாக்டரம்மா, வேறு வேலை பாருங்கள், உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது, என்றார்.

"உக்காந்து பாக்கறதுன்னா வாட்ச் ரிப்பேர்தான். அதையும் நான் பாத்தா எந்த வாட்ச் ஓடுது, எது நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சித்தி தினமும் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுத்துவிட்டு, விழுங்கும்வரை நிற்பாள். அவர் விழுங்குவார். விழுங்கினார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பட்டறையைக் காலி செய்தபோதுதான் தெரிந்தது. பழைய வாஷர்கள் போட்டு வைக்கிற டப்பாவைக் காத்து கவிழ்த்தார். வாஷர்களோடு மாத்திரைகளும் கொட்டின, எண்ணெய் ஏறி, அதே வட்டமாய், அதே அளவாய். கன்னத்தில் அடக்கிக்கொண்டு பட்டறைவரை கொண்டுவந்திருக்கிறார். கத்தி, தகடு என்று கையைக் கீறக்கூடிய பெரிய வேலை இருந்த நாளில் மட்டும் முதலில் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு எல்லா நாளும் பெரிய வேலை நாளாக ஆகியிருக்க வேண்டும். காத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கித் திருகினார். அதைத் தன் கடையிலேயே வைத்துக்கொண்டார். சித்திக்கு இன்றுவரை காட்டவில்லை.

அது பிறகு. அதற்கு முன்னால் ஒரு நல்ல வாரம் வந்தது.

ரத்தம் சொட்டுவது குறைந்தது. கை பழைய கை ஆனது. ஒருநாள் காலையில் நான் பட்டறையில் நின்றபோது ஸ்க்ரூடிரைவர் ஆணியில் இல்லை. சித்தப்பா அதைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, வக்கீலின் காரில் குனிந்திருந்தார்.

"நீ போ. இன்னைக்கு நீ வேண்டாம்."

"கேக்குதா?"

"சுத்தமா கேக்குது. வண்டி மட்டும்தான் கேக்குது."

அந்தக் காரில் பல மாதமாக யாருக்கும் பிடிபடாத சத்தம். டாப்பெட் என்று எல்லோரும் சொன்னது டாப்பெட் இல்லை. ஒரு ஸ்பார்க் ப்ளக் முழுதாக இறுகாமல், அந்த ஓட்டை வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இறுக்கினார், நின்றது. வக்கீல், "சப்தம் முற்றிலும் அகன்றுவிட்டது" என்றார். காத்து கை தட்டினார். சாயங்காலம் சித்தப்பா வீட்டுப் படியிலேயே செருப்பைக் கழற்றும்போது ஏதோ முனகிப் பாடிக்கொண்டு வந்ததை மாடியிலிருந்து கேட்டேன்.

சித்திதான் முதலில் கேட்டாள். நான் கீழே உட்கார்ந்திருந்தேன். அவள் டிவியை அணைத்தாள். தலையைச் சாய்த்தாள்.

"உங்க சத்தம் எங்க?"

"என்ன சத்தம்?"

"அதான். டிக் டிக்."

"செட்டாயிடுச்சு. புது பார்ட்ஸ் கொஞ்ச நாள் சத்தம் போடும். ஓட ஓடப் பதிஞ்சிடும்."

"அந்த ரொட்டி வேன்காரர்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே. தானா போற சத்தம் கிடையாதுன்னு."

"அது வண்டி. இது நானு."

"பதிஞ்சிடும்னு சொல்றப்ப வண்டி. பயப்படணும்னா மனுஷன். உங்களுக்கு எது வசதியோ அது."

சித்தப்பா சிரித்தார். சிரிக்கும்போது வாய் திறந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அவர் முகம் பழையபடி ஆகி எவ்வளவு நாளாயிற்று. அதைக் கெடுக்க அந்த அறையில் யாருக்கும் மனம் வரவில்லை. நாளைக்கு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று சித்தி சொன்னாள். நாளைக்கு இரண்டு வண்டி இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் அவர். பல மாதத்துக்குப் பிறகு தன் காதாலேயே கேட்டு வேலை செய்கிற ஆளை எப்படிப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது?

அடுத்த வாரம் வரவில்லை. ஒரு காலையில் ஷட்டரைப் பாதிவரை தூக்கியவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டார். மூச்சு உள்ளே போகவில்லை. காத்து தன் கடைக்கு வந்திருந்த யாருடையதோ காரில் அவரை ஏற்றி, சித்தியையும் என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பின்சீட்டில் சித்தி அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டே வந்தாள். சித்தப்பா பேசினார், மூச்சுக்கு நடுவில். காத்துவிடம்.

"இந்த வண்டில... மூணாவது... டாப்பெட்டு... லூஸு."

"வாய மூடு மச்சான்" என்றார் காத்து. ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கன்னம் நனைந்திருந்தது.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நகர்த்தி வைத்தார். பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டிருந்தவர்களை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி வைத்தார். அவரும் கண்ணை மூடித்தான் கேட்டார். பிறகு நர்ஸிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். நர்ஸ் ஓடினார். வால்வில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, கதவு அசையவில்லை, உடனே உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று சித்தியிடம் சொன்னார். சத்தம் நின்று சில நாளாகிறது என்று சொல்லிவிட்டு சித்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா உள்ளே போன பிறகு எங்களிடம் திரும்பி வரவில்லை. அதனால் அந்தக் கட்டிலில், தள்ளிக்கொண்டு போக ஆள் வருவதற்குள், அவர் சொன்னதுதான் கடைசி.

டாக்டரம்மா கோபமாகத்தான் கேட்டார். பயத்தில் வருகிற கோபம் அது.

"இத்தனை நாளா சத்தம் கேக்கலன்னா உடனே வரவேண்டாமா? சத்தம் இருந்தவரைக்கும் நல்லா இருந்தீங்களே. நின்னதும் ஏன் வரல?"

சித்தப்பா அவரைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, மூக்கில் முடிகிற அந்த இழுப்புகூடக் குறையாமல் சொன்னார்:

"எத்தன பேர இதுக்காகத் திட்டியிருக்கேன் டாக்டர். கடைசில நானும் அதே மாதிரி வந்து படுத்திருக்கேன் பாருங்க. வண்டிய மட்டும் ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். சத்தத்த வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."